எச்சில் கேட்டு உத்திரமேரூர் போனேன்

இரவில் தூக்கம் வராவிட்டால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்குப் பயம் வரும். அக்காவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டு மாடியில் வாரக்கணக்கில் தூங்காமல் நடந்துகொண்டிருந்தாள். மாத்திரை போட்டும் கண் மூடவில்லை. பிறகு நடக்க முடியவில்லை, பிறகு என்னை அடையாளம் தெரியவில்லை. வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டாள், ஐம்பது வயதில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பாவும் ஏறக்குறைய அதே வயதில் இப்படித்தான் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதற்கு மூளைக் கோளாறு என்று ஒரு பெயர் வைத்துப் புதைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறியபோது என் கவலை மற்ற பிரயாணிகளின் கவலை மாதிரி இல்லை. அவர்களுக்கு சீட். எனக்கு, முந்தின இரவு விமானத்தில் ஒரு பொட்டுக்கூடக் கண்ணயரவில்லையே, அது விமானத்தால்தானா என்பது. கைப்பையில் பிளாஸ்டிக் குழாய்கள் சிலவற்றை டவலில் சுற்றி வைத்திருந்தேன். எச்சில் பிடிப்பதற்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதித்தபோது நான் அவற்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். குளிர்சாதனத்தில் உறைந்துபோய் ஆளுக்கொரு கைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பக்கத்து சீட்டு அம்மாள் தன் கத்தரிக்காய்க் கூடையை என்னைக் கேட்காமலே என் மடியில் வைத்தாள். "எந்தூரும்மா? கல்வெட்டு பாக்க வந்தியா?" என்றாள். உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர் வந்தால் பழைய கோயில் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருவார் என்பது இங்கே முடிந்த முடிவு. சொந்தக்காரர்களைப் பார்க்க என்றேன். "கல்வெட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போ," என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குலுங்குகிற பஸ்ஸில், நின்றவாக்கில் ஆள் தொங்குகிற கூட்டத்தில், வாயைத் திறந்து தூங்கினாள். நான் பொறாமையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என்னை அனுப்பியவர் ஈப்போவில் அக்காவைப் பார்த்த சீன டாக்டர். மலாயில் நிதானமாகச் சொன்னார். பிரியான் என்று ஒரு புரதம் எல்லோர் மூளையிலும் இருக்கிறது. மாடு, ஆடு, எலி எல்லாவற்றுக்கும் உண்டு. அதைச் செய்கிற மரபணுவில் உன் அக்காவுக்கு ஓர் எழுத்து தப்பு. தப்பாகச் செய்த புரதம் ஒருநாள் கோணிக்கொள்ளும். கோணிக்கொண்டது பக்கத்தில் இருப்பதையும் கோண வைக்கும். பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுவரை எனக்கும் தெரியும். தெரிந்து தெரிந்துதான் பாதி உயிர் போயிருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை விமானம் ஏற்றியது. புரதத்தைச் செய்யச் சொல்கிற எழுத்துகள் கொஞ்சம்தானாம். அவற்றுக்கு முன்னாலும் நடுவிலும் வெகுதூரம் தள்ளியும், எந்தப் புரதத்தையும் செய்யாத எழுத்துகள் நீளநீளமாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அதைக் குப்பை என்று ஒதுக்கினார்கள். ஆனால் மரபணு எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிற இடங்கள் அந்தக் குப்பைக்குள்தான் இருக்கின்றன. பிரியான் மரபணுவுக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு சில மாடுகளுக்கு இருக்கும், சில மாடுகளுக்கு இருக்காது. அந்தத் துண்டில் வந்து உட்கார்ந்து மரபணுவை அடக்கி வைக்க இன்னொரு புரதம் இருக்கிறது. பைத்தியமாட்டு நோய் வந்த மாடுகளைப் பார்த்தால், துண்டு இல்லாதவைதான் அதிகம் தென்பட்டன. "உட்கார இடம் இல்லை, அதனால் அடக்க ஆள் இல்லை," என்றார் டாக்டர். பிரியானே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு நோய் வரவே இல்லை. பாதி அளவு உள்ளவற்றுக்குத் தாமதமாக வந்தது.

அவர் அறையில் மேலே ஓடிய விசிறியைக் காட்டினார். "இறக்கை கோணல், அதை நிமிர்த்த முடியாது. ஆனால் சுவரில் இருக்கிற ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கோணல் விசிறியும் ரொம்ப வருஷம் ஓடும். உன் குடும்பத்தில் அந்தத் தப்பு எழுத்து இருந்தும் எண்பது தாண்டி நன்றாக இருக்கிற யாராவது கிடைத்தால், அவருடைய ரெகுலேட்டர் எது என்று தேடலாம். அது செய்கிற வேலையை மருந்தால் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். எல்லாம் வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ரொம்ப ஆசைப்படாதே."

நான் ரொம்ப ஆசைப்பட்டேன். எனக்கு வயது நாற்பத்தேழு. கல்லூரியில் படிக்கிற ஒரு மகள். என் ரத்தத்தைச் சோதித்து முடிவும் டாக்டர் மேசைக்கு வந்துவிட்டது. என்ன என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்பாவின் அண்ணன் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் தொண்ணூறை எட்டிப்பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார், இன்னும் வயலுக்குப் போகிறார் என்பது மட்டும்தான் என் கையில் இருந்த ஒரே நல்ல சேதி.

பெரியப்பா மொட்டைமாடி வீட்டு வாசலில் நின்றிருந்தார். கைத்தடி இல்லை, கண்ணாடி இல்லை. "ஆறுமுகம் பொண்ணா நீ? வாம்மா, வா. பஸ்ஸுல பேஜாரா இருந்திச்சா?" என்று என் பெட்டியைத் தூக்கப் போனார். அவர் மருமகள் தேவகி அண்ணி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "ராத்திரி நல்லா தூங்குவீங்களா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"படுத்தா பொணம்தான். எட்டு மணிக்கி படுத்தன்னா கோயி கூவற வரைக்கும் எந்திரிக்க மாட்டன்."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. சாப்பாட்டின்போதும் கேட்டேன். கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகு உருண்டையும் தட்டில் இருந்தன. எங்கள் ஊர் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வருகிற நெத்திலிக்கு இந்தக் கருவாடு பாட்டன் முறை ஆகும், அவ்வளவு காட்டம். நடுவில் கை தடுமாறுமா, பேச்சு குழறுமா, பெயர் மறக்குமா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா விமலா, வந்ததுலேர்ந்து மாமாவோட தூக்கத்தயே கேட்டுக்கினு கீற? ஒனக்குத் தூக்கம் வர்லியா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

ஈப்போவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில்தான் எனக்கு வேலை. எச்சிலோடு பழகியவள். அதனால் மறுநாள் காலை பெரியப்பாவிடம் சங்கோசமில்லாமல் கேட்டேன், குடும்பத்து உடம்பு வாகைப் பரிசோதிக்க என்று. அவர் மறுக்கவில்லை. வாயில் வெற்றிலை இருந்ததுதான் தொல்லை. கொப்பளிக்கச் சொல்லி, அரைமணி காத்திருக்கச் சொன்னேன். கால்மணிக்குள் பழக்கதோஷத்தில் அடுத்த வெற்றிலையை மென்றுவிட்டார். மறுபடி கொப்பளிப்பு, மறுபடி காத்திருப்பு. குழாயின் கோடு வரை துப்பி முடித்ததும், "சாமிக்கி பால் எடுக்கறாப்ல எடுத்துட்ட," என்றார். மூடியைத் திருகிக் குலுக்கியபோது எனக்கு என் மகளின் கல்யாணம்வரை தெரிந்தது.

அந்தத் தெம்பில் அண்ணியின் வீட்டுக்காரர் சேகர் அண்ணனோடு பைக்கில் கடைத்தெருவுக்குப் போனேன். அவர் என்னை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் நாஷ்டாவுக்கு விட்டுவிட்டு உரம் வாங்கப் போனார். புரோட்டா எங்கள் ரொட்டி சானாயின் தம்பிதான், ஆனால் இது கொஞ்சம் முரட்டுத் தம்பி. பரிமாறுகிறவர் குனிந்து, "மூள கீது மேடம். இப்பத்தான் ஆடு வெட்டனது. பெரட்டி போடட்டா?" என்றார்.

நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். இது பிறப்போடு வருவது, சாப்பாட்டில் தொற்றியதில்லை என்று டாக்டர் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார். இருந்தாலும் பக்கத்து இலையில் வெள்ளையாக, மிளகு தூவி, மடிப்பு மடிப்பாக இருந்ததைப் பார்க்க முடியவில்லை. அந்த இலைக்குச் சொந்தக்காரர் சிரித்தார். "ஆட்டு மூளதான் மேடம், கடிக்காது," என்றார். அவர் பெயர் சலீம் பாய். கடைத்தெருவில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார், தவிடும் புண்ணாக்கும். சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டியிருக்கிற அத்தனை வீடும் அவருக்குத் தெரியும். பெரியப்பா பெயரைச் சொன்னதும், "நைனாவா! அவரு நம்ம கஸ்டமரு. என்னைய பொதைச்சிட்டுத்தான் போவாரு," என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் பெரியப்பா கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் தவிட்டை அள்ளித் தொட்டியில் போட்டேன். ஈரத் தவிட்டின் வாசனை புதிது, கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"இத்த ஒரு படி குடுத்துதான் எங்கம்மா உங்கப்பன வாங்கனாங்க," என்றார் பெரியப்பா.

நான் சிரித்தேன். எந்தத் தமிழ் வீட்டில்தான் இதைச் சொல்லவில்லை? நானும் அக்காவும் சண்டை போட்டால் அம்மா என்னைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்," என்பார். நான் அழுவேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "நானும் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதான், நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி," என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அந்த நினைப்பில் இன்னும் பலமாகச் சிரித்தேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "சிரிக்கிறியே. உங்கப்பன் சொல்லலியா? நெசமாத்தாம்மா. நான் சின்னப் பையன், பக்கத்துல நின்னு பாத்தன். மொறத்துல போட்டு எடுத்தாந்தாங்க. அந்த வூட்ல பொறக்கற புள்ளைங்கல்லாம் செத்துக்கினே இருந்திச்சி. இது நம்ம புள்ள இல்ல, வித்துட்டம்னு காட்டனா எமன் வுட்டுருவான்னு ஒரு நம்பிக்க. எல்லா வூட்லயும் சும்மா பேருக்கு வித்து, சாயங்காலமே திருப்பி எடுத்துக்குவாங்க. இவன எடுக்கறதுக்கு பயந்துக்கினாங்க. பூசாரி வேற, திருப்பனா ஆவாதுன்னுட்டான். எங்கம்மாகிட்டயே பால் குடிச்சி வளந்துட்டான்."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மாடு என் கையை நக்கியதுகூடத் தெரியவில்லை. பெரியப்பாவின் தொண்ணூறு வயதும், கோழி கூவும் வரையிலான தூக்கமும் அவருடைய சொத்து. எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. டவலில் சுற்றி வைத்த குழாயில் இருப்பது, நோயே இல்லாத ஒரு வம்சத்தின் எச்சில்.

"அந்த வீடு எங்க பெரியப்பா?"

அவர் ஐயங்கார்குளம் தாண்டி உள்ளே போகிற ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார். அங்கே கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருப்பார்கள் என்பதால் நான் அதை இங்கே எழுதவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்ப எச்சி வாணாமா ஒனக்கு?" என்று கேட்டார். குரலே இறங்கிவிட்டிருந்தது. வேண்டும் பெரியப்பா, அது என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் சலீம் பாயின் வண்டி அந்தப் பக்கம் தீவனம் இறக்கப் போகிறது என்று சேகர் அண்ணன் விசாரித்துச் சொன்னார். குட்டியானை என்று இங்கே சொல்கிற சின்ன லாரி. முன்னால் பாயும் நானும், பின்னால் தவிட்டு மூட்டைகள். சாலையை மறித்து ஓர் இடத்தில் நெல் காயவைத்திருந்தார்கள். எங்கள் நாட்டில் இப்படிச் செய்தால் போலீஸ் வரும். பாய் பிள்ளையார் கோயிலைச் சுற்றுவதுபோல் பவ்யமாக ஒதுங்கி ஓட்டினார்.

எந்த வீட்டுக்கு என்று சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"முழிப்புக்காரங்க வூட்டுக்கா?"

"ஏன் அந்தப் பேரு?" என்றேன்.

"அந்த வூட்டு ஆம்பளைங்க அம்பது வயசுக்கிட்ட தூக்கம் போயி, புத்தி மாறி பூடுவாங்க மேடம். அவங்க வம்சத்துக்குத்தான் ஏரி மதகப் பாத்துக்கற வேல. எந்தக் காலத்துலயோ ஏரி ஒடஞ்ச அன்னிக்கி அவங்க முப்பாட்டன் கரைமேல தூங்கிட்டாராம். அந்தக் கோவத்துல எல்லையம்மா அவங்க தூக்கத்த வாங்கிக்கினாளாம். ஊர்ல சொல்றாங்க, அல்லாவுக்குத்தான் தெரியும். போன வருசங்கூட ஒருத்தர் பூட்டாரு. வேலு. நம்மகிட்ட கடன் சொன்னதே கெடையாது, தங்கமான ஆளு."

சொல்லி முடிப்பதற்குள் பின்சக்கரம் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டு, போன் போட்டு, வழியில் பைக்கில் வந்த ஒருவரோடு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். நான் கீழே இறக்கிய ஒரு தவிட்டு மூட்டைமேல் புளியமர நிழலில் உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எதிர்ப்பக்கம் வருகிற எந்த பஸ்ஸையும் கையைக் காட்டி நிறுத்தலாம். அந்த வீட்டில் ஆண்கள் எல்லோரும் செத்திருக்கிறார்கள். அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறேன்? என் முகத்தைத்தான் பார்க்கப் போகிறேன். கை நடுங்குகிறதா என்று முன்னால் நீட்டிப் பார்த்தேன். நடுங்கியது. பயத்தால்தான் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அக்காவும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

பாய் சக்கரத்தோடு வந்தபோது ஒரு பாட்டில் பன்னீர் சோடாவும் வாங்கி வந்திருந்தார். "குடிங்க மேடம், மொகமே செத்துப்போச்சி," என்றார். மறுக்கத் தெம்பில்லாமல் வண்டியில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது நடுப்பகல். அந்த வீட்டு வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நைலான் கயிற்றுக் கட்டில். அதில் ஒரு வயதான பெண் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே டி.வி. சீரியலில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆடு கட்டில் காலில் முதுகைத் தேய்த்துக் கட்டிலையே ஆட்டியது. மூட்டைகள் தொப்பென்று இறங்கின. அவர் அசையவில்லை. குறட்டை மட்டும் நின்று நின்று வந்தது.

"குப்பம்மா. வேலுவோட அம்மா," என்றார் பாய். "எண்பதுக்கு மேல ஆவுது."

நான் கணக்குப் போட்டேன். வேலு இவருடைய பிள்ளை. வேலு செத்தது முழிப்பால். "இவங்க வீட்டுக்காரருக்கும் அந்த முழிப்பு வந்துச்சா?"

"ச்சே ச்சே. அவரு அசலு, இவங்களுக்கு ஒறவே இல்ல, திருப்புட்குழிப் பக்கம். வூட்டோட மாப்பிளயா வந்தவரு. எம்பது வயசு வரைக்கும் இருந்தாரே."

அப்படியென்றால் அந்த எழுத்து இவர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். தகப்பனிடமிருந்து இவருக்கு, இவரிடமிருந்து மகனுக்கு. நடுவில் இவர், எண்பதைத் தாண்டி, நட்ட நடுப்பகலில், குறட்டை விட்டுக்கொண்டு. டாக்டர் கேட்ட ஆள் இதோ படுத்திருக்கிறார். கட்டிலருகில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தூங்குவதை எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. என் அப்பாவின் உடன்பிறந்த தங்கையைப் பார்க்கிறேன் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

பாய் எழுப்பி விஷயத்தைச் சொன்னார். தவிட்டுக்குப் போன அண்ணனின் மகள் என்றதும் அத்தை எழுந்து உட்கார்ந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கண்ணனா? நான் பாத்ததே இல்லியே. அவன் இன்னா ஆனான்? கப்பல் ஏறிட்டான்னு மட்டும் சொன்னாங்க. நல்லா இருந்தானா? புள்ளக் குட்டிங்க எத்தினி?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அவித்த வேர்க்கடலையை ஒரு சொப்பு நிறையக் கொண்டுவந்து மடியில் கொட்டினார். பாய் அடுத்த வீட்டு மூட்டைகளை இறக்கப் போனார்.

அத்தைக்கு இன்னொரு பிள்ளை இருந்தார், கஜேந்திரன். கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு வேலைக்குப் போயிருந்தார். நாற்பத்து நாலு வயது, ரெண்டு பிள்ளைகள். "இவனுக்கு மதகு வேல வாணாம்னு நாந்தான் கம்பெனிக்கி அனுப்ச்சன். அந்த வேலையத் தொட்டவனுக்குத்தான் முழிப்பு வரும். எங்க நைனாவுக்கு வந்திச்சி, வேலுவுக்கு வந்திச்சி. அவன் மதகு சாவிய வாங்காதன்னு எவ்ளோ சொன்னன், கேட்டானா? இவன் கரைப் பக்கமே போவ மாட்டான். இவன் தப்பிச்சிக்கினான்," என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு திருப்தி.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த எச்சில் வேண்டும். அது என் உயிர், என் மகளின் உயிர். சும்மா ஒரு பரிசோதனை என்று சொல்லிக் குழாயை எடுத்தேன். நீங்கள் ரொம்ப வயதுவரை நன்றாக இருக்கிறீர்கள், அந்த உடம்பு வாகு என்ன என்று டாக்டர் பார்க்க ஆசைப்படுகிறார் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. வாய் கொப்பளித்துக் காத்திருக்கச் சொன்னேன். பேசிக்கொண்டிருந்தோம்.

"எங்கண்ணன் எப்பிடிப் போனான்?" என்று கேட்டார்.

"முழிப்புலதான் அத்தை."

எனக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "அவன் கப்பலேறிட்டானே. ஏரியே பாக்கலியே அவன்."

நான் மடியில் கிடந்த கடலையைச் சொப்பில் அள்ளிப் போட்டேன்.

"வேற யாருக்கு வந்திச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வரவில்லை. "எங்கக்காவுக்கு," என்றேன்.

"பொம்பளைக்கா?"

தலையை ஆட்டினேன். அத்தை எழுந்து போய் டி.வி.யை நிறுத்திவிட்டு வந்தார். கட்டிலில் உட்காராமல் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்தார். படிக்காதவர்தான், ஆனால் மருமகள் வழி, மகள் வழி என்று நாலு தலைமுறை உறவை விரலில் பிடிக்கிற ஊர் இது. நான் வாசலில் நின்றபடி போட்ட கணக்கை அவர் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"மதகால வர்றது இல்ல அப்ப. ரத்தத்துல வர்து. பொம்பளைக்கும் உண்டு," என்றார். "எங்க வூட்டுக்காரரு அசலு."

"அத்தை..."

"வேலுவுக்கு என்கிட்டேர்ந்துதான் வந்திச்சா?"

இல்லை என்று சொல்ல ஊரெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். ஆமாம் என்று சொல்லத் தெரிந்தவள் அந்த வாசலில் நான் ஒருத்திதான். ஆமாம் அத்தை என்றேன். விசிறியையும் ரெகுலேட்டரையும் சொன்னேன். உங்களுக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது, ஆனால் உங்கள் உடம்பில் எதுவோ ஒன்று அதைக் குறைத்து வைத்திருக்கிறது, அது என்ன என்று தெரிந்தால் மருந்து செய்யலாம், கஜேந்திரனுக்கும் எனக்கும் அது உதவும் என்றேன். அவசர அவசரமாகச் சொன்னேன், கடைசியில் எதுவும் நிச்சயமில்லை என்றும் சொன்னேன்.

"கோளாற மட்டும் அவனுக்குக் குடுத்தன். அத்த அடக்கறத நானே வெச்சிக்கினன்," என்றார்.

அது உங்கள் கையில் இல்லை அத்தை, அடக்குகிறது கோளாறோடு சேர்ந்தே போகும் என்றில்லை, எங்கோ தள்ளி இருக்கலாம், எது பிள்ளைக்குப் போகும் எது போகாது என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரின் வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் கையிலிருந்து குழாயை வாங்கினார். வாய் உலர்ந்துபோயிருந்தது. எச்சில் வர வெகுநேரமாயிற்று. நடுநடுவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கோடு வரை துப்பினார். வெளியே பாய் ஹார்ன் அடித்தார்.

"கஜா எப்ப வருவாரு அத்தை?"

"இப்ப ஷிப்டு முடிஞ்சி வந்துருவான். வந்ததும் சாப்ட்டுட்டுப் படுப்பான்," என்று குழாயை என்னிடம் நீட்டினார். "வேலு செத்தப்பக்கூட நான் தூங்கனன்மா. கண்ணு தன்னால மூடிக்கும். இனிமே எங்க தூங்கறது? அவன் தூங்கறானா தூங்கறானான்னு பாத்துக்கினேதான் குந்தியிருக்கணும்."

நான் மூடியைத் திருகினேன்.